ஒரே கம்பி, பல சுரங்கள்: ஸ்ட்ரிங் தியரி வந்த கதை



"ஸ்ட்ரிங் தியரி என்கிறார்களே, அது என்ன சார்? அது உண்மைதானா?" என்று உங்களில் சிலர் கேட்டு வருகிறீர்கள். பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்களாம். கணக்கு இல்லாமல் சொல்ல வேண்டும் என்பது உங்கள் நிபந்தனை. சரி. எனக்குத் தெரிந்த நல்ல வழி, அது பிறந்து வளர்ந்த கதையை வரிசையாகச் சொல்வதுதான். கதை தெரிந்தால் கோட்பாடு பாதி புரிந்துவிடும். "உண்மைதானா" என்பதற்கும் கடைசியில் பதில் சொல்கிறேன். பதிவு நீளம். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் நம் ஆய்வகத்துச் சுரமானியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மரப்பெட்டி மேல் இழுத்துக் கட்டிய கம்பி, ஓரத்தில் தொங்கும் எடை, நகர்த்தி வைக்கும் இரண்டு கத்திமுனைகள், கம்பி மேல் மடித்துப் போட்ட சிறு காகிதத் துண்டு. இசைக்கவையைத் தட்டிப் பெட்டி மேல் வைத்தால், நீளம் சரியாக இருக்கும்போது காகிதம் துள்ளி விழும். அந்தச் சோதனையின் பாடம் இதுதான்: கம்பி நினைத்தபடியெல்லாம் அதிராது. ஒரு வளைவு, இரண்டு வளைவு, மூன்று வளைவு என்று முழு எண்ணிக்கையில்தான் அதிர்வு நிலைத்து நிற்கும். கம்பி ஒன்று, சுரங்கள் பல.

ஸ்ட்ரிங் தியரி, தமிழில் இழைக் கோட்பாடு, சொல்வதும் இதைத்தான். எலக்ட்ரான், குவார்க், ஒளியின் துகளான ஃபோட்டான் எல்லாம் தனித்தனிச் சரக்குகள் அல்ல. இருப்பது ஒரே வகை நுண்ணிழை. அது ஒரு விதமாக அதிர்ந்தால் எலக்ட்ரானாகத் தெரிகிறது, வேறு விதமாக அதிர்ந்தால் ஃபோட்டானாகத் தெரிகிறது. வீணைத் தந்தி அணுக்களால் ஆனது. இந்த இழையோ அதைவிடச் சிறிய எதனாலும் ஆனதல்ல. இதில் காதால் கேட்கும் ஓசையும் கிடையாது. உவமையை அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணத்தை யாரும் முதலிலேயே இந்த வடிவில் யோசித்துச் சொல்லவில்லை. வேறு ஒரு கேள்விக்கு விடை தேடப் போன இடத்தில் அகப்பட்டது.

1960களில் அணுக்கரு இயற்பியல் ஒரு நெருக்கடியில் இருந்தது. புரோட்டானையும் நியூட்ரானையும் கருவுக்குள் பிடித்து வைத்திருக்கும் வலிய விசையை யாராலும் சரியாகக் கணக்கிட முடியவில்லை. துகள் முடுக்கிகளில் மோதலுக்கு மோதல் புதுத்துகள்கள் வந்து கொட்டின. பட்டியல்தான் நீண்டது, விளக்கம் இல்லை. 1968இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் இருந்த காப்ரியேலே வெனிசியானோ என்ற இத்தாலிய இளைஞர், அந்த மோதல்களை விவரிக்க ஒரு சூத்திரத்தை முன்வைத்தார். ஆய்லர் என்ற கணித மேதை 18ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த பீட்டா சார்புதான் அது. வலிய விசையிடம் எதிர்பார்த்த பல குணங்கள் அந்த ஒரே சூத்திரத்தில் இருந்தன. ஏன் பொருந்துகிறது என்றுதான் தெரியவில்லை.

அந்த "ஏன்" என்பதற்கு ஓரிரு ஆண்டுகளில் மூன்று பேர் தனித்தனியே விடை கண்டார்கள். சிகாகோவில் யோய்ச்சிரோ நாம்பு, கோபன்ஹேகனில் ஹோல்கர் நீல்சன், நியூயார்க்கில் லெனார்ட் சஸ்கிண்ட். துகள்களைப் புள்ளிகளாக நினைக்காமல், அதிரும் சிறு இழைகளாக நினைத்தால் வெனிசியானோவின் சூத்திரம் தானாக வருகிறது என்றார்கள். ஆய்லர் காகிதத்தில் போட்ட கணக்குக்குள் ஒரு சுரமானிக் கம்பி ஒளிந்திருந்தது!

ஆனால் பிறந்த குழந்தைக்கு மூன்று குறைகள் இருந்தன.

ஒன்று, கணக்கு முரண்படாமல் இருக்க வேண்டுமானால் உலகத்துக்கு 26 பரிமாணங்கள் வேண்டும் என்றது. நமக்குத் தெரிந்தவை நீளம், அகலம், உயரம், காலம் என்று நான்குதான். இரண்டு, ஒளியைவிட வேகமாகப் போகும் டாக்கியான் என்ற துகள் ஒன்று வந்து நின்றது. மூன்று, நிறையே இல்லாத, தற்சுழற்சி 2 உள்ள ஒரு துகள் வந்துகொண்டே இருந்தது. அணுக்கருவில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. எவ்வளவு முயன்றும் அதைத் துரத்த முடியவில்லை. இந்த மூன்றாவது குறையை மறந்துவிடாதீர்கள். கதையின் திருப்பமே அதில்தான் இருக்கிறது.

1971இல் பியர் ரமோன் ஒருபுறமும், ஆந்த்ரே நெவ்யூ, ஜான் ஷ்வார்ஸ் இருவரும் மறுபுறமும் இந்தக் கோட்பாட்டைத் திருத்தினார்கள். பழைய இழைகளால் ஃபோட்டான் போன்ற, விசையைச் சுமக்கும் துகள்களைத்தான் தர முடிந்தது. எலக்ட்ரான் போன்ற பருப்பொருள் துகள்களுக்கு அங்கே இடமில்லை. அந்த இடத்தைக் கொடுத்தபோது, விசைத் துகள்களுக்கும் பொருள் துகள்களுக்கும் இடையே எதிர்பாராத ஓர் ஒற்றுமை வெளிப்பட்டது. அதற்கு சூப்பர் சிமெட்ரி, அதாவது மீச்சீர்மை, என்று பெயர் வந்தது. சூப்பர் ஸ்ட்ரிங் என்ற சொல்லில் உள்ள "சூப்பர்" இதிலிருந்து வந்ததுதான். நாம் சினிமாவுக்குச் சொல்லும் சூப்பர் அல்ல! பரிமாணங்களும் 26இலிருந்து 10ஆகக் குறைந்தன. சில ஆண்டுகள் கழித்து, 1976இல், டாக்கியானை முறையாக வெளியேற்றும் வழியும் கிடைத்தது.

அதற்குள் கோட்பாட்டின் பிழைப்பே போய்விட்டது. 1973இல் டேவிட் கிராஸ், ஃபிராங்க் வில்செக், டேவிட் பொலிட்சர் ஆகியோரின் கணக்குகள், குவார்க்குகளைக் கொண்டே வலிய விசையை விளக்கிவிடலாம் என்று காட்டின. சோதனைகளும் அதற்கே சாதகமாக இருந்தன. எந்த வேலைக்காக இழைகளைக் கூட்டி வந்தார்களோ, அந்த வேலையை வேறு ஆள் செய்து முடித்துவிட்டார். இழைக் கோட்பாட்டில் இருந்த பெரும்பாலோர் மூட்டை கட்டிக்கொண்டு குவார்க் பக்கம் போனார்கள். அறிவியலில் அது தப்பே இல்லை. விடை கிடைக்கும் இடத்துக்குத்தானே போக வேண்டும்?

போகாமல் நின்றவர்களில் இருவர் ஷ்வார்ஸும், ஜோயல் ஷெர்க் என்ற பிரெஞ்சு இளைஞரும். கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் 1974இல் இருவரும் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். "நிறையில்லாத, தற்சுழற்சி 2 உள்ள இந்தத் துகளைத் துரத்துகிறோமே, இது யார் என்று ஒரு முறையாவது கேட்டோமா?"

கேட்டால் ஆள் தெரிந்தவர்தான். ஈர்ப்பு விசைக்குக் குவாண்டம் வடிவம் இருக்குமானால், அதைச் சுமக்கும் கிராவிட்டான் என்ற துகளின் அங்க அடையாளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று இயற்பியலாளர்கள் முன்பே கணித்து வைத்திருந்தார்கள். நிறை இல்லை, தற்சுழற்சி 2. அச்சு அசலாக இதே துகள். ஜப்பானில் தமியாகி யோனேயா தனியாக இதே முடிவுக்கு வந்தார்.

இது ஏன் பெரிய செய்தி என்று சொல்கிறேன். 20ஆம் நூற்றாண்டு நமக்கு இரண்டு பெரிய கோட்பாடுகளைக் கொடுத்தது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல், கோள்கள், விண்மீன்கள், ஈர்ப்பு பற்றியது. குவாண்டம் இயக்கவியல், அணு, எலக்ட்ரான் பற்றியது. தனித்தனியே இரண்டும் அற்புதமாக வேலை செய்கின்றன. ஒரே கணக்கில் சேர்த்தால் விடை முடிவிலி என்று வந்து நிற்கிறது. துகளைப் புள்ளியாக எடுத்துக்கொள்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் சுழியாகும்போது, சுழியால் வகுக்கும் நிலை வருகிறது. சுழியால் வகுக்கக் கூடாது என்று எத்தனை முறை சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன்! இழைக்கு நீளம் உண்டு. இரண்டு இழைகள் சேர்வது ஒரே ஒரு புள்ளியில் நடந்து முடிவதில்லை, அந்தச் செயல் பரவி நிற்கிறது. அதனால் முடிவிலி தலைகாட்டுவதில்லை. ஐன்ஸ்டைன் தம் கடைசி முப்பது ஆண்டுகள் தேடிய ஒருங்கிணைப்புக்கு இப்படி ஒரு வாசல் இருக்கலாம் என்று தெரிந்தது.

அதற்கு ஒரு விலை உண்டு. அணுக்கருவுக்காக யோசித்தபோது இழையின் நீளம் கருத்துகள் அளவு. ஈர்ப்புக்காக என்று ஆனதும் அது அதைவிட 1-க்குப் பின் 20 சுழி போட்ட மடங்கு சிறியதாகிவிட்டது. ஒரு புரோட்டானை இங்கிருந்து சூரியன் வரை எட்டும்படி பெரிதாக்கினாலும், இழை சில அணுக்களை வரிசையாக வைத்த நீளம்தான் இருக்கும். எந்த நுண்ணோக்கியும் நெருங்க முடியாத அளவு இது. இந்தச் சிக்கல் இன்றுவரை தொடர்கிறது.

1974இல் இப்படி ஒரு செய்தியைச் சொன்னால் உலகமே திரும்பிப் பார்த்திருக்கும் என்று நினைப்பீர்கள். யாரும் பார்க்கவில்லை. குவார்க் பக்கம் அறுவடை மும்முரமாக இருந்தது. ஷெர்க் 1980இல், 33 வயதில், இறந்துபோனார். தாம் கண்டது என்ன ஆனது என்று பார்க்க அவர் இருக்கவில்லை. ஷ்வார்ஸுக்குப் பிரின்ஸ்டனில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1972இல் கால்டெக்குக்கு வந்தார். குவார்க் என்ற பெயரைச் சூட்டிய மர்ரே கெல்மன் அங்கே அவருக்கு ஓர் இடம் கொடுத்துக் காத்தார். அழிந்துவரும் உயிரினத்துக்குச் சரணாலயம் அமைத்தது போல என்று கெல்மனே பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் பேராசிரியர் பதவி இல்லாத ஆராய்ச்சி வேலைதான். உடன் படித்தவர்கள் பெரிய நாற்காலிகளில் அமர்ந்தபோது, இவர் யாருக்கும் வேண்டாத கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

1979இல் செர்னில் அவருக்கு ஒரு துணை கிடைத்தது. லண்டன் குயீன் மேரி கல்லூரியின் மைக்கேல் கிரீன். அடுத்த ஐந்தாண்டுகள் இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். அப்போது இழைக் கோட்பாட்டின் மேல் ஒரு கடுமையான சந்தேகம் இருந்தது. குவாண்டம் கணக்கில் சில இடங்களில் ஐந்தொகை பொருந்தாமல் போகும். வரவும் செலவும் இடிக்கும். அப்படி இடித்தால் அந்தக் கோட்பாடு செல்லாது. 10 பரிமாண இழைகளுக்கு இது கட்டாயம் இடிக்கும் என்றே பலரும் நம்பினார்கள்.

1984 கோடையில், அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் உள்ள ஆஸ்பென் மையத்தில் கிரீனும் ஷ்வார்ஸும் அந்தக் கணக்கை முடித்தார்கள். இடிக்கும் உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுழியாயின. ஆனால் எப்போதும் அல்ல. விசைகளின் சமச்சீரை விவரிக்கும் கணித அமைப்புக்கு 496 பரிமாணம் இருந்தால்தான் அது நடக்கும். 496 என்ன எண் என்று கணக்கு வாத்தியாரிடம் படித்தவர்களுக்குத் தெரியும். 1, 2, 4, 8, 16, 31, 62, 124, 248 என்ற தன் வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும் நிறைவெண். இந்தக் கோட்பாட்டில் அது நிறைவெண் என்பதற்குத் தனி அர்த்தம் ஏதும் இல்லை. 32ஐ 31ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தாலும், 248ஐ இரட்டித்தாலும் 496 வரும். அந்த இரண்டு வழிகளும்தான் இங்கே முக்கியமானவை.

அந்த ஆண்டு ஆஸ்பெனில் இயற்பியலாளர்கள் போட்ட ஒரு கேளிக்கை நிகழ்ச்சியில் ஷ்வார்ஸ் எழுந்து, எல்லாவற்றுக்குமான கோட்பாட்டைக் கண்டுவிட்டேன் என்று ஆவேசமாகப் பேச, வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். முன்கூட்டியே திட்டமிட்ட நகைச்சுவைதான். பத்தாண்டு தனிமையில் இருந்தவருக்குத் தன்னைப் பார்த்தே சிரிக்க முடிந்திருக்கிறது பாருங்கள்.

பிரின்ஸ்டனில் எட்வர்ட் விட்டன் இந்தச் செய்தி அறிந்து உடனே களத்தில் இறங்கினார். அவர் வந்தால் ஊரே வரும். சில மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் இழைகளைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். 1973இல் தம் கண்டுபிடிப்பால் இழைகளின் கடையை மூட வைத்த டேவிட் கிராஸ், 1985இல் மூன்று சகாக்களோடு சேர்ந்து ஒரு புதிய இழைக் கோட்பாட்டையே உருவாக்கினார். ஷ்வார்ஸ் பேராசிரியர் ஆனதும் அப்போதுதான்.

மீதி ஆறு பரிமாணங்கள் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு கோரைப்பாயை விரித்தால் நீளமும் அகலமும் தெரியும். இறுக்கிச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டுத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கழி போலத்தான் தெரியும். அகலம் எங்கும் போகவில்லை, சுருண்டிருக்கிறது. 1919இலேயே தியோடர் கலூசா என்ற ஜெர்மானியர், ஐந்தாவது பரிமாணம் ஒன்று இருந்தால் ஈர்ப்பும் மின்காந்தமும் ஒரே சமன்பாட்டில் அடங்கும் என்று ஐன்ஸ்டைனுக்கு எழுதினார். 1926இல் ஆஸ்கார் கிளைன் அது மிக நுண்ணிதாகச் சுருண்டிருக்கலாம் என்றார். இழைக் கோட்பாட்டில் அப்படிச் சுருள வேண்டியவை ஆறு. அவை எப்படிச் சுருண்டிருக்கின்றனவோ, அதைப் பொறுத்துத்தான் எந்தெந்தத் துகள்கள் இருக்கும் என்பது அமையும். வீணையின் குடத்து வடிவம் நாதத்தை மாற்றுவது மாதிரி.

நம் கும்பகோணத்து ராமானுஜனுக்கும் இதில் பங்கு உண்டு. 4 என்ற எண்ணைக் கூட்டலாகப் பிரிக்க எத்தனை வழி? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து. 100ஐப் பிரிக்க 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 வழிகள். பெரிய எண்களுக்கு இந்த எண்ணிக்கையை மதிப்பிடும் சூத்திரத்தை ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் வெளியிட்டார்கள். இழைக்கும் இதே கணக்குத்தான். குறிப்பிட்ட ஆற்றலை முதல் சுரம், இரண்டாம் சுரம், மூன்றாம் சுரம் என்று எத்தனை விதமாகப் பங்கிடலாம் என்று எண்ணினால், ராமானுஜன் எண்ணிய வழிகள் வந்துவிடுகின்றன. 1996இல் ஸ்ட்ராமிஞ்சர், வாஃபா இருவரும் இந்த வகை எண்ணிக்கையைக் கொண்டு ஒரு சிறப்பு வகைக் கருந்துளையின் உள்நிலைகளைக் கணக்கிட்டார்கள். பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் 1970களில் வேறு வழியில் கண்ட விடையோடு அது சரியாகப் பொருந்தியது.

இதற்கிடையில் ஒரு தர்மசங்கடம். ஒன்று என்று நினைத்த கோட்பாடு ஐந்து வடிவங்களில் வந்து நின்றது. எல்லாவற்றுக்குமான கோட்பாடு ஐந்து இருக்க முடியுமா? கொல்கத்தாவில் பிறந்த அசோக் சென் 1994இல் எழுதிய ஆய்வு, வேறுவேறாகத் தெரியும் கணக்குகள் உள்ளுக்குள் ஒன்றாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு வலுவான ஆதாரம் கொடுத்தது. 1995இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநாட்டில் விட்டன், ஐந்தும் ஒரே மூலக் கோட்பாட்டின் ஐந்து முகங்கள் என்றும், அதற்கு 11 பரிமாணங்கள் என்றும் சொன்னார். அதற்கு எம் தியரி என்று பெயர். அதன் முழுச் சமன்பாட்டை இன்னும் யாரும் எழுதவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இது உண்மைதானா?

இதுவரை ஒரு சோதனையும் இழைகள் இருப்பதைக் காட்டவில்லை. செர்னில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள முடுக்கி 2012இல் ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்தது. மீச்சீர்மை இருந்தால் வரக்கூடும் என்று எதிர்பார்த்த இணைத்துகள்கள் ஒன்றும் அங்கே வரவில்லை. ஆறு பரிமாணங்கள் சுருளும் வழிகளோ 1-க்குப் பின் 500 சுழி போடும் அளவுக்கு இருக்கலாம் என்கிறார்கள். அதில் எது நம் உலகம் என்று தேர்ந்தெடுக்க வழி தெரியவில்லை. சோதிக்க முடியாததை அறிவியல் என்று சொல்லலாமா என்று ஃபைன்மேன், கிளாஷோ போன்ற பெரியவர்களே கேட்டார்கள். 2006இல் லீ ஸ்மோலின், பீட்டர் வோய்ட் இருவரும் இதை எதிர்த்துப் புத்தகமே எழுதினார்கள். இழைக் கோட்பாட்டுக்காக இன்றுவரை யாருக்கும் நோபல் பரிசு இல்லை. கிராஸ் 2004இலும் நாம்பு 2008இலும் பெற்ற பரிசுகள் அவர்களுடைய வேறு வேலைகளுக்கு.

ஆனால் பொய் என்றும் காட்டப்படவில்லை. ஈர்ப்பையும் குவாண்டத்தையும் முரண்படாமல் சேர்க்கும் முயற்சிகளில் இதுவே மிக அதிகம் வளர்ந்தது. கணிதத்துக்கு இது கொடுத்த கொடை ஏராளம். 1997இல் மால்டசீனா இதிலிருந்து எடுத்த ஒரு கருத்து, அணுக்கரு இயற்பியல் வரை பயன்படுகிறது. பிறந்த வீட்டுக்கே சீர் கொண்டு போன மாதிரி.

ஆகவே பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: "இது இன்னும் திருத்தி முடிக்காத விடைத்தாள். எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள், நேர்மையானவர்கள். மதிப்பெண் போட வேண்டியது இயற்கை. அது இன்னும் பேனாவைத் திறக்கவில்லை."

இன்னொன்றையும் உரிமையோடு சொல்கிறேன். "பிரபஞ்சமே அதிர்வு என்று ஸ்ட்ரிங் தியரி நிரூபித்துவிட்டது, ஆகவே இந்த வகுப்பில் சேருங்கள், இந்தக் கல்லை அணியுங்கள்" என்று செல்பேசியில் சுற்றும் செய்திகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். தானே நிரூபிக்கப்படாத ஒன்று இன்னொன்றுக்கு எப்படிச் சாட்சி சொல்லும்? உங்கள் நம்பிக்கை உங்களோடு இருக்கட்டும். அதற்கு ஷ்வார்ஸின் கையெழுத்து தேவையில்லை. அவருடைய கணக்கிலும் அப்படி ஒரு வரி கிடையாது.

ஷெர்க்கையும் ஷ்வார்ஸையும் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம் உண்டு. கணக்கில் தேவையில்லாத உறுப்பு ஒன்று திரும்பத் திரும்ப வந்தால், அழிரப்பரை எடுக்குமுன் அது என்ன சொல்ல வருகிறது என்று கேட்டவர்கள் அவர்கள். ஒருவர் 33 வயதில் போய்விட்டார். மற்றவர் பத்தாண்டு காத்திருந்தார். தாங்கள் கண்டது உண்மை என்று இயற்கையிடமிருந்து இன்னும் ஓலை வரவில்லை. வராமலும் போகலாம். அது தெரிந்தே ஒருவர் தம் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார். உங்கள் வீட்டில் யாராவது அடிப்படை அறிவியல் படிக்கிறேன் என்று சொன்னால், "அதில் என்ன சம்பளம்" என்று கேட்குமுன் இந்தக் கதையை ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புடனும் ஆசியுடனும்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்